ரூ.78,000 கட்டி சி.என்.சி. கோர்ஸ் சேரலாமா?

ஓசூரிலிருந்து 26 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாக வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சி.என்.சி. மெஷின்களில் ஒரு வகை) ஆபரேட்டர். இன்ஜின் ஆயில் பம்ப்பின் அலுமினிய பாடியை ஓட்டுகிறார். சம்பளம் கான்ட்ராக்டர் பெயரில் வருகிறது. 11 மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுகிறார், வேலை மாறுவதில்லை. மொத்தம் 19,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 17,400.

அவர் கேட்பவை இவை. ஒரு பயிற்சி மையம் நான்கு மாத 'சி.என்.சி. புரோகிராமிங், பி.எல்.சி. (ஆலை மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலர்), ரோபோட்டிக்ஸ்' கோர்ஸுக்கு ரூ.78,000 கேட்கிறது, இ.எம்.ஐ. வசதி, வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்கிறது. வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் ரூ.60,000 கொடுத்தால் பெரிய ஆலையில் நிரந்தர வேலை என்கிறார். 5,000 முன்பணமும் ஜிபேயில் போய்விட்டது. 480 நாள் தாண்டிவிட்டதால் தான் ஏற்கெனவே நிரந்தரத் தொழிலாளிதானே? மின்சார வண்டிகள் வந்தால் ஆயில் பம்ப்பே இருக்காதே, இந்தத் தொழிலில் நீடிக்கலாமா? பகுதி நேர பி.இ. படித்தால் பயன் உண்டா? கடைசியாக, பிளஸ் டூ முடித்த தங்கையை ஹாஸ்டல் வசதியோடு வேலையும் டிகிரியும் என்று அழைக்கிறார்கள், அனுப்பலாமா?

அன்புத் தம்பிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மீதி 55,000-ஐக் கொடுக்காதீர்கள். வேலையையும் இப்போது விடாதீர்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

ஓசூர் வளர்வது நிஜம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களில் வேரூன்றிய ஆலைகள்; அவற்றுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள்; இப்போது ஏத்தரின் ஸ்கூட்டர் ஆலை, டாடா எலெக்ட்ரானிக்ஸின் செல்போன் பாக ஆலை, போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. 2019-ல் ஊர் மாநகராட்சி ஆனது. விமான நிலையம் வரப்போகிறது என்று உற்சாகமாக எழுதியிருக்கிறீர்கள். 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது உண்மைதான். ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அதைப் பேசித் தீர்த்துக் கட்டி முடிக்கும் காலத்தை உங்கள் குடும்பக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மனை விற்பவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஊர் வளர்ந்தால் எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி ஆள் தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள். அங்கேதான் பிசகு. பாகத்தை ஃபிக்சரில் வைத்து, கிளாம்ப் போட்டு, பச்சைப் பட்டனை அழுத்தி, முடிந்ததும் ஏர் அடித்து எடுத்து வைக்கும் வேலைக்கு ஆள் எப்போதும் வேண்டும்; ஆனால் அந்த ஆளை ஒரு வாரத்தில் தயார் செய்துவிடலாம் என்பதால் சம்பளம் ஏறாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் இறங்கிக்கொண்டே இருக்கும் இடம் அது. பஞ்சம் அதற்கு ஒரு படி மேலே: ஜாப் (மெஷினில் ஓட்டும் பாகம்) மாறும்போது மெஷினைச் செட் செய்யும் செட்டர், மெஷின் நின்றால் அலாரத்தைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்கும் மெயின்டனன்ஸ் ஆள், டிராயிங்கைப் பார்த்துத் தானாக அளந்து முடிவு சொல்லும் தர ஆய்வாளர், ஃபிக்சரும் அச்சும் செய்யும் டூல் ரூம் ஆள். மூன்று வருடம் மெஷின் முன்னால் நின்ற உங்களுக்கு இதில் முதல் கதவுதான் மிக அருகில் இருக்கிறது.

கோர்ஸ் கணக்கு

78,000 என்பது கட்டணம் மட்டும். வேலையை விட்டால் நான்கு மாதச் சம்பளம், 17,400 வீதம், 69,600 போகும். இரண்டும் சேர்த்து 1,47,600. வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எதுவும் நிற்காது; அதற்குக் கடன் வாங்கினால் வட்டி தனி. கோர்ஸ் முடித்து மாதம் 4,000 கூடுதலாகக் கிடைத்தாலும் போட்ட பணம் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்.

சரி, அந்த நான்கு மாதத்தில் என்ன கற்பீர்கள்? மையத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். மேனேஜரின் அறையில் உட்காராதீர்கள், மெஷின் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு பேட்ச்சில் 12 பேர், ஒரே ஒரு வி.எம்.சி., தினம் 2 மணி நேரம் என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம். மாதம் 25 நாள் வைத்தாலும் நான்கு மாதத்துக்கும் சேர்த்து 17 மணி நேரம்கூட வராது. உங்கள் கம்பெனியில் இரண்டே ஷிஃப்டில் அவ்வளவு நேரம் மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். சிப் தொட்டியில் சிப் (வெட்டிய உலோகச் சீவல்) இருக்கிறதா, இன்சர்ட் (மாற்றிப் போடும் வெட்டு முனை) டப்பாக்கள் தேய்ந்த இன்சர்ட்டோடு கிடக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தால் அங்கே இரும்பு வெட்டுவதில்லை, கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். மூன்று பெரிய பாடங்களை நான்கு மாதத்தில் அடைப்பதும் நல்ல அறிகுறி இல்லை. பி.எல்.சி. ஒன்றையே உருப்படியாகக் கற்க அந்தக் காலம் வேண்டும்.

'நூறு சதவீத வேலை' என்பதை எழுதிக் கேளுங்கள்: என்ன பதவி, கம்பெனிப் பெயரிலா கான்ட்ராக்டர் பெயரிலா, வேலை தராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? பல இடங்களில் 'இன்டர்வியூவுக்கு அனுப்பினாலே' உத்தரவாதம் நிறைவேறியதாகக் கணக்கு. அவர்கள் அனுப்பும் வேலை, நீங்கள் இப்போது பார்க்கும் அதே ஆபரேட்டர் வேலையாகவும் இருக்கலாம்.

இ.எம்.ஐ. என்று கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம். பணம் மொத்தமாக மையத்துக்குப் போய்விடும்; கடன் உங்கள் பெயரில் நிற்கும். பாதியில் மையம் மூடினாலும், நீங்களே நின்றுவிட்டாலும் தவணை ஓடும், கட்டாவிட்டால் சிபில் கெடும். நாளைக்கு வீட்டில் ஒரு அவசரத்துக்கு வங்கிக்குப் போனால் அது முகத்தில் வந்து நிற்கும். டிப்ளமோ ஒரிஜினலை 'வெரிஃபிகேஷனுக்கு' வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்களாமே, அந்த ஒரு காரணம் போதும் எழுந்து வர. ஒரிஜினலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

செட்டர் ஆவது எப்படி

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் பிடித்தது: போர் (துளை) அளவு மதியத்துக்கு மேல் கூடிக்கொண்டே போகிறது, செட்டர் வந்து ஏதோ ஒரு எண்ணை மாற்றுகிறார், சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஏதோ ஒரு எண்'தான் உங்கள் அடுத்த வேலை.

மெஷின் ஓட ஓட டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் மெஷினை நகர்த்தும் பால் ஸ்குரூவும் சூடாகி நீள்கின்றன. அதனால் துளையின் இடமும் ஆழமும் நகரும். போர் கூடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு: இன்சர்ட் முனையில் அலுமினியம் ஒட்டி வெட்டும் விட்டத்தைப் பெரிதாக்கியிருக்கலாம், சூடான பாகத்தை ஆறவிடாமல் அளந்திருக்கலாம். 50 மில்லி விட்டமுள்ள அலுமினியத் துளை பத்து டிகிரி சூட்டில் 0.01 மில்லிக்குச் சற்று மேலேயே விரியும், டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 0.02 என்றால் பாதி அங்கேயே போய்விட்டது. ஆறவைத்து அளக்காமல் ஆஃப்செட்டை (மெஷினில் போடும் அளவுத் திருத்த எண்) மாற்றினால் நல்ல ஜாபை நீங்களே கெடுப்பீர்கள். எந்தக் காரணம் என்று பிரித்துச் சொல்பவர் செட்டர். எண்ணை மட்டும் மாற்றத் தெரிந்தவர் வெறும் ஆபரேட்டர்.

கற்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். முதலில் அளப்பதும் டிராயிங் படிப்பதும். வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் டயல், ஹைட் கேஜ். போர் டயலை மாஸ்டர் ரிங்கில் ஸீரோ செய்து, துளைக்குள் ஆட்டி, முள் திரும்பும் இடத்தைப் படிக்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும். டிராயிங்கில் பொசிஷன், ரன்அவுட், பிளாட்னெஸ் குறிகளும், எந்த முகம் டேட்டம் (அளவுகளை எடுக்கும் ஆதார முகம்) என்பதும் தெரிய வேண்டும். ஃபிக்சரில் பாகம் ஏன் அப்படி உட்காருகிறது என்பது அதில்தான் புரியும். அடுத்தது புரோகிராமைப் படிப்பது. ஜி54 என்ற வேலைப்பூஜ்ஜியம், ஜி43-ம் ஹெச் எண்ணும் சேர்ந்த டூல் நீள ஆஃப்செட், ஜி41 கட்டர் ஈடு, ஜி81, ஜி83 துளை சைக்கிள்கள் — ஒரு வேலைக்கு ஓடும் புரோகிராமில் இவ்வளவுதான் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பிறகு டூல் மாற்றி நீளம் எடுப்பது, ஜாப் மாற்றுவது, முதல் பீஸ் எடுத்து ஒப்புதல் வாங்குவது.

இதைச் செட்டரிடம் கேட்டுக் கற்க வேண்டும். சிலர் சொல்லித் தர மாட்டார்கள், தங்கள் இடம் போய்விடும் என்ற பயம். ஜாப் மாற்றும் நாளில் கூட நில்லுங்கள், ஃபிக்சர் தூக்குங்கள், டயல் அடிக்க உதவுங்கள். அந்தச் சமயத்தில்தான் வாய் திறப்பார்கள். சூப்பர்வைசரிடம் சொல்லி, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம் செட்டிங்கில் நிற்க அனுமதி வாங்கினால் இன்னும் நல்லது.

அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். புதிதாகக் கற்பவர்கள் மெஷினை இடிப்பது பெரும்பாலும் மூன்று வழியில்: 0.05 போட வேண்டிய வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத் திருத்தம்) 0.5 போடுவது, குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டுவது, டூலை மாற்றிவிட்டு ஹெச் எண்ணை மாற்ற மறப்பது. ஃபனுக் கன்ட்ரோலில் புள்ளி வைக்காமல் 10 என்று அடித்தால், பாராமீட்டர் அமைப்பைப் பொறுத்து, 10 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். மாற்றிய பிறகு முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிட் ஓவர்ரைடை (வெட்டாமல் நகரும் வேகம்) 25 சதவீதத்தில் வைத்து, நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனில் கை வைத்தபடிதான் ஓட்ட வேண்டும். ஸ்பிண்டில் ஒருமுறை இடித்தால் செலவு லட்சங்களில் போகும்; கான்ட்ராக்ட் ஆள் என்றால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். எந்த மெட்டீரியல், என்ன டூல், என்ன ஸ்பீட், ஃபீட் (டூல் முன்னேறும் வேகம்), எந்த அளவு எப்போது நகர்ந்தது, என்ன செய்து சரியானது. கம்பெனி டிராயிங்கையோ புரோகிராமையோ போனில் படம் எடுக்காதீர்கள். அது வேறு வம்பு. நீங்கள் கற்றதை உங்கள் சொல்லில் எழுதுவதில் தவறில்லை. செட்டர் இன்டர்வியூவில் கேட்கும் கணக்கு ஒன்று: 10 மில்லி கார்பைடு எண்ட்மில், நான்கு ஃப்ளூட் (பல்), வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர், பல்லுக்கு 0.05 மில்லி, ஆர்.பி.எம். என்ன, ஃபீட் என்ன? வெட்டு வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பை (π) என்ற எண்ணையும் விட்டத்தையும் பெருக்கியதால் வகுத்தால் சுமார் 3,183; அதை நான்காலும் 0.05-ஆலும் பெருக்கினால் ஃபீட் சுமார் 637. இதைப் பேனா பேப்பரில் போட்டுக் காட்டுபவரை 'தடுமாறாத ஆள்' என்று குறித்துக்கொள்வார்கள்.

இப்படி ஆறு மாதம் போனால், உங்கள் கம்பெனியிலேயே கேளுங்கள். மறுத்தால் பெரிய ஆலையைத் தேடி ஓடாதீர்கள். செல்போன் பாகம் செய்யும் ஆலையில் ஒரே பாகத்தை நூற்றுக்கணக்கான மெஷினில் ஓட்டுவார்கள். செட்டிங் ஒரு குழு, ஆஃப்செட் ஒரு குழு, அளப்பது ஒரு குழு. பஸ், கேன்டீன், ஏ.சி. எல்லாம் இருக்கும், கற்பது ஒரு துண்டுதான். ஒரு நாளில் மூன்று ஜாப் மாறும் சிட்கோ எஸ்டேட் பட்டறையில் ஒரு வருடம் நின்றால் செட்டர் ஆகிவிடுவீர்கள். கூரை சூடும் எண்ணெய் நாற்றமும் கூடவே வரும். முதலில் பட்டறை, பிறகு பெரிய ஆலை என்பதே என் கட்சி. கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி பக்கமும் இதே வேலைகள் உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டதால், ஓசூர் வாடகையில் இருந்துகொண்டு அங்கே போய் வருபவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் பேசும்போது ஓ.டி. சேர்த்துச் சொல்லும் தொகையில் மயங்க வேண்டாம். 8 மணி நேரத்துக்கு எவ்வளவு, அதில் பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள். ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்பு விகிதம்.

480 நாள்: எது உங்கள் உரிமை, எது இல்லை

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தருகிறது. நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான். ஆனால் அது தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் தாளில் முதலாளி கான்ட்ராக்டர். கம்பெனி 'இவர் எங்கள் ஆளே இல்லை' என்று சொல்லும். கான்ட்ராக்ட் வெறும் காகிதத்துக்கு, உண்மையில் வேலை வாங்கியதும் மேற்பார்த்ததும் லீவு கொடுத்ததும் கம்பெனிதான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஜெயித்தவர்கள் உண்டு, வருடக்கணக்கில் அலைந்தவர்களும் உண்டு. வழக்குப் போட்ட மறுநாள் கான்ட்ராக்டர் உங்களை வேறு இடத்துக்கு அனுப்புவார் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

வழக்குப் போடாவிட்டாலும் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள்: ஒவ்வொரு மாத பே ஸ்லிப், பழைய கேட் பாஸ், கம்பெனி சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிஃப்ட் உத்தரவு, பி.எஃப். பாஸ்புக். 2025 நவம்பர் 21-லிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதன்படி ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். உங்களிடம் அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேளுங்கள், சண்டை போடாமல். தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகினால் வழக்கறிஞர் ஃபீஸ் இல்லாமல் காகிதங்களைக் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது: கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் உங்கள் பி.எஃப். என்ன ஆகிறது? பே ஸ்லிப்பில் 1,440 பிடித்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், பேசிக்கும் டி.ஏ.வும் 12,000, அதில் 12 சதவீதம், கணக்கு சரி. அது கட்டப்பட்டதா என்பது பாஸ்புக்கில்தான் தெரியும். உமங் செயலியில் யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குகளுக்கான பொது எண்) போட்டு மாதம் மாதமாகப் பாருங்கள். மூன்று கான்ட்ராக்டருக்கும் ஒரே யு.ஏ.என். இருக்க வேண்டும், ஒருவர் புதிது திறந்துவிட்டால் பழைய பணமும் சேவைக் காலமும் தனித்துத் தொங்கும். பழையவர் விலகிய தேதி போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே தளத்தில் போட்டுக்கொண்டு, பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றலாம். பிடித்த பணத்தைக் கான்ட்ராக்டர் கட்டவே இல்லை என்று தெரிந்தால், பொறுப்பு முதன்மைக் கம்பெனிக்கும் உண்டு, கம்பெனி எச்.ஆரிடம் பாஸ்புக் பிரின்ட்டோடு போய்ச் சொன்னால் பெரும்பாலும் அவசரமாகக் கட்ட வைப்பார்கள். இ.எஸ்.ஐ. எண்ணும் அப்படியே, ஒன்றே தொடர வேண்டும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை வரும். கான்ட்ராக்டர் மாறும் இடைவெளியில் இது விட்டுப்போகும்.

60,000 கேட்பவர்

பெரிய ஆலைகள் ஆள் எடுப்பது கல்லூரி வளாகத்தில், தங்கள் இணையதளத்தில், வேலைவாய்ப்பு முகாம்களில், இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் மூலம். இதில் எதற்கும் தொழிலாளி பணம் கட்டத் தேவையில்லை. 'எச்.ஆர். நம்ம ஆள்' என்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு உங்களை அதே ஆலையின் கான்ட்ராக்ட் வரிசையில் நிறுத்துவார். அந்த வரிசை எல்லாருக்கும் இலவசம். சிலர் அதுவும் செய்யாமல் ஜிமெயிலிலிருந்து ஆஃபர் லெட்டர் அனுப்புவார்கள்.

போன 5,000-க்கு: வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே திருப்பிக் கேளுங்கள், 'வேலைக்காக இந்தத் தேதியில் அனுப்பிய 5,000-ஐத் திருப்பித் தரவும்' என்று. அவருடைய பதில் என்னவாக இருந்தாலும் அது ஆதாரம். ஜிபே ரசீது, பேச்சுப் பதிவுகளை அழிக்காதீர்கள். ஒரு வாரத்தில் வராவிட்டால் காவல் நிலையத்தில் புகார். ஆளை நேரில் பார்க்காமல் போனிலேயே நடந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். தெரிந்தவர் மனம் கோணுமே என்று தயங்குகிறீர்கள். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது. முகாம் தேடுவதாக இருந்தால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களும், தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளமும் போதும்; இரண்டும் இலவசம்.

ஆயில் பம்ப் போனால்?

பேட்டரி வண்டியில் இன்ஜின் ஆயில் பம்ப் இருக்காதுதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அலுமினிய வார்ப்பை வி.எம்.சி.யில் கடைவது. மோட்டார் ஹவுசிங், பேட்டரிப் பெட்டி, கன்ட்ரோலர் உறை எல்லாம் அதே அலுமினியம், அதே மெஷின். மெல்லிய சுவர் என்பதால் கிளாம்ப் இறுக்கினால் கோணும், லீக் டெஸ்டில் தோற்கும், ஆகவே செட்டரின் கை இன்னும் முக்கியம். பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாஃப்ட் மட்டுமே செய்யும் கம்பெனியில் இருப்பவர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும். பெட்ரோல் வண்டியும் லாரியும் நாளையே நின்றுவிடப் போவதில்லை.

பகுதி நேர பி.இ. ஏழு செமஸ்டர், மாலை வகுப்பு. சேலம் அரசு பொறியியல் கல்லூரியை எழுதியிருக்கிறீர்கள்; ஷிஃப்ட் மாறும் வேலையில் இருந்துகொண்டு ஓசூரிலிருந்து தினமும் மாலை சேலம் போக முடியாது. ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்து, பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கான வகுப்பு அமைந்தால் சேருங்கள். சூப்பர்வைசர், பிளானிங், தரப் பிரிவு இவற்றுக்கு அந்தப் பட்டம் உதவும். செட்டர் ஆக அது தேவையில்லை. பணம் போட்டே ஆக வேண்டும் என்றால், வாரக் கடைசியில் நடக்கும், மெஷின் உள்ள இடத்தில் ஒரே ஒரு பாடம், கேம் (சி.ஏ.எம்., மெஷின் புரோகிராம் எழுதித் தரும்) சாஃப்ட்வேர் அல்லது ஜியோமெட்ரிக் டாலரன்ஸ், அதுவும் செட்டிங் கைக்கு வந்த பிறகு. 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸ் உதவியோடு புதிய மெஷின்கள் இறங்கியிருக்கின்றன; குறுகியகாலப் பயிற்சி உண்டா என்று ஓசூர் ஐ.டி.ஐ.யில் நேரில் விசாரியுங்கள். செலவு ஒரு பஸ் டிக்கெட்.

தங்கைக்கு

வேலையோடு டிகிரி என்ற ஏற்பாடுகளில் நல்லவை இருக்கின்றன, பிளஸ் டூ முடித்த பெண் வீட்டில் உட்காருவதைவிட அது மேல்தான். ஆனால் அழைப்பவர் கம்பெனியா ஏஜென்டா என்று முதலில் பாருங்கள். டிகிரி தரும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதி வாங்கி, தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று அதன் தளத்தில் சரிபாருங்கள். அப்ரென்டிஸ் ஒப்பந்தமா, வேலை நியமனமா என்பது அடுத்த கேள்வி. அப்ரென்டிஸ் என்றால் கிடைப்பது உதவித்தொகை, பி.எஃப்., 480 நாள் எதுவும் பொருந்தாது, முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. விளம்பரத்தில் சொல்லும் தொகையில் ஹாஸ்டல், சாப்பாடு, படிப்புக் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள், வாரம் எத்தனை மணி நேரம் வகுப்பு, நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் வகுப்பு வைக்கிறார்களா, பாதியில் நின்றால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் உண்டா என்று கேளுங்கள். மார்க் ஷீட் ஒரிஜினலை அங்கேயும் கொடுக்கக் கூடாது. சேரும் முன் உங்கள் அம்மாவும் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போய், அங்கே ஒரு வருடமாக இருக்கும் பெண் இருவரிடம், வார்டன் பக்கத்தில் இல்லாத நேரத்தில், கைக்கு எவ்வளவு வருகிறது, போன செமஸ்டர் பரீட்சை எழுதினார்களா என்று இந்த இரண்டை மட்டும் கேட்டு வரட்டும்.